மலைப்பாதையில் அரை ஒப்பட்டு

எனக்கு வாய்தான் பிழைப்பு. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிறவன் நான். விடிவதற்கு முன்னால் டிராக்டரும் மினி லாரியும் வந்து பெட்டிகளை இறக்கும். குவியல்களுக்கு நடுவில் நின்று நான் விலையைக் கூவத் தொடங்கினால், வெயில் ஏறி மண்டி காலியாகிற வரைக்கும் வாய் மூடாது. பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. பேசக் கற்றதெல்லாம் வாங்குகிறவர், விற்கிறவர், பெட்டி தூக்குகிறவர் ஆகியோரின் வாயிலிருந்துதான். யாராவது ஒரு நல்ல பேச்சுப் பேசிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை மென்றுகொண்டே இருப்பேன்.

அந்த வாய் வழியாகத்தான் எனக்குச் சர்க்கரையும் வந்தது. எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல விலை போன விவசாயி, ஏலம் கூறியவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காமல் ஊருக்குக் கிளம்ப மாட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், "ஏனுங்க, எங்க டீ உங்க தொண்டையில எறங்காதுங்களா?" என்று முகம் சுருங்கிப்போகும். விலை கெட்ட நாளில் நான் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். கூட நின்று நானும் குடித்தாக வேண்டும். ஆக விலை ஏறினாலும் டீ, இறங்கினாலும் டீ. பக்கத்தில் ஒரு பன்னோ போண்டாவோ. பல வருடங்கள் குடித்ததெல்லாம் சேர்ந்து ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் எழுந்து நின்றது.

"தினமும் நடங்க" என்றார் டாக்டர். நடந்தேன். நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். எதிரில் வருகிற ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "என்னாங்கண்ணா, நடந்து போறீங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று ஒருவர். "நாளைக்கு ரேட்டு எப்பிடி இருக்கும், ஒரு வார்த்த சொல்லுங்க" என்று இன்னொருவர். பதில் சொல்லாமல் கடந்து போக எனக்கு வராது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் தெருக்கோடியைத்தான் தாண்டியிருப்பேன். இதைத் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் விளையாட்டு வாத்தியார். என்னைவிட ரொம்பச் சின்னவர். ஒருநாள் இறங்கி வந்து, "அண்ணா, நீங்க சைக்கிளு வாங்குங்க. சைக்கிள்ல போறவர யாரும் கையப் புடிச்சு நிறுத்த முடியாதுங்க" என்றார்.

அப்படித்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தேன். ஏழெட்டுப் பேர். மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கும் என் வயதுச் சோட்டு ஆள் ஒருவர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பேங்க்கில் வேலை பார்ப்பவர், இப்படி. வயர்மேன் என்னை மாமா என்பார், நான் அவரை மாப்ள என்பேன். உறவு ஒன்றும் கிடையாது, வாய்ப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஏலத்தை மண்டியில் வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன்.

மற்ற நாட்களில் சாயங்காலம் பயிற்சி. கியரை எப்போது மாற்றுவது, காலை எப்படிச் சுற்றுவது, காற்று எதிரே வந்தால் முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் எப்படி ஒளிந்துகொள்வது என்று வாத்தியார் கூடவே ஓட்டிக்கொண்டு சொல்லித் தருவார். சர்க்கரை ஆலை இருக்கும் பக்கமாகத்தான் போவோம். கரும்பு அரைக்கிற பருவத்தில் பாகு வாசனை ரோடு வரைக்கும் வரும். "மாமா, இங்க மூச்ச இழுக்காத, அதுலயே உனக்கு ஏறிக்கும்" என்பார் வயர்மேன். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிக் காட்டுவேன். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நீளச் சவாரி. பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம், அங்கிருந்து செக்போஸ்ட், அப்புறம் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கி ஒகேனக்கல். ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு அதே மலையில் திரும்ப ஏறி வர வேண்டும். முதல் தடவை பாதி மலையைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். குரங்குகள் வரிசையாகத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன. "மாமா, சொந்தக்காரங்க வந்திருக்காங்க, வணக்கம் வெய்யி" என்றார் வயர்மேன். வைத்தேன். பதில் பேச மூச்சு இல்லை.

ஒவ்வொரு வாரமும் தள்ளுகிற தூரம் குறைந்தது. ஒருநாள் காலைத் தரையில் ஊன்றாமலே மேலே வந்து சேர்ந்தேன். செக்போஸ்ட் தடுப்பைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் ஒன்று எனக்குப் புரிந்தது. அந்த மலை ஏறுகிற நேரம் மட்டும் நான் பேசுவதில்லை. யாருக்கும் விலை சொல்ல வேண்டாம், யாரையும் சமாதானப்படுத்த வேண்டாம், யாரையும் சிரிக்க வைக்க வேண்டாம். என் மூச்சு என் காதில் கேட்கும், புளியமரத்து நிழல் மேலே விழுந்து விழுந்து போகும். பிறந்ததிலிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒன்றுதான் என்று தோன்றியது. வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்தேன். சர்க்கரை குறைந்தால் நல்லது. குறையாவிட்டாலும் அந்த ஏற்றம் போதும் என்கிற அளவுக்கு.

சர்க்கரை குறையத்தான் இல்லை. காரணம், சைக்கிள் ஓட்டினால் பசிக்கிறது. அது சாதாரணப் பசி இல்லை. ஏற்றம் ஏறி வந்த அன்று சாயங்காலம் வரைக்கும் வீட்டில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். "ஏனுங்க, ஒடம்பு எளைக்க சைக்கிளு வாங்குனீங்களா, இல்ல வூட்டுல இருக்கற அரிசி எளைக்கவா?" என்பாள். நான் சிரிப்பேன். நல்ல பேச்சு யார் பேசினாலும் எனக்குப் பிடிக்கும், என்னைப் பற்றியே இருந்தாலும்.

அரிசியை விட்டுக் களிக்கு மாறினேன். கேழ்வரகு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த முறை பரிசோதனையில் எண் இன்னும் மேலே போயிருந்தது. டாக்டருக்குக் குழப்பம்.

"களி எவ்வளவு சாப்புடுறீங்க?"

"ஒரு உருண்டைங்க."

"உருண்டைன்னா?"

இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "அது உருண்டை இல்ல, பந்து" என்றார். அதோடு மாத்திரையை மாற்றி எழுதினார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை. இதிலும் அடங்காவிட்டால் ஊசிதான் என்றார்.

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி களத்தில் இறங்கினாள். என் சட்டைப் பைகளைத் துழாவத் தொடங்கினாள். மண்டியில் யாரோ கொடுத்த கடலை மிட்டாய்க் காகிதம் ஒன்று அகப்பட்டது. அதற்கு ஒரு வாரம் பேச்சு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சைக்கிள்களோடு வாசலில் நின்ற வாத்தியாரிடம் போய், "சார், நீங்க சொன்னாத்தான் இவரு கேப்பாரு. வழியில இவரு வாயில ஒரு துளி இனிப்புப் போவாமப் பாத்துக்குங்க. எனக்கு ஒரு வார்த்த குடுங்க" என்றாள்.

வாத்தியார் விளையாட்டாகத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார். "குடுத்துட்டங்க அக்கா" என்றார்.

வாத்தியார் கொடுத்த வார்த்தையை வயர்மேன் வழி முழுக்க விதைத்துவிட்டார். பாப்பாரப்பட்டி டீக்கடை, பென்னாகரம் மெஸ், செக்போஸ்ட் பெட்டிக்கடை என்று நாங்கள் நிற்கிற இடத்திலெல்லாம், "இவருக்கு சுகரு, சக்கர போடாதீங்க" என்று அறிவித்தார். அந்த ரோட்டில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. அவர்கள் தக்காளியை நான்தான் ஏலம் கூறியிருப்பேன், அவர்கள் மச்சானுடையதையாவது கூறியிருப்பேன். எனவே சொன்னது நின்றது. சவாரியில் மட்டும் இல்லை, மண்டியிலும். இத்தனை வருடம் டீ வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், இப்போது நான் கிளாசை எடுத்தால் கையிலிருந்து பிடுங்கி மோந்து பார்த்தார்கள். "உங்க சத்தம் இல்லாட்டி எங்க தக்காளி யாரு காதுல உழும்? ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார் ஏரியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. மலை ஏறி முடித்த பிறகுதான் சாப்பாடு. வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் மூன்றாவது வளைவில் வாந்தி வரும், ஜவுளிக்கடைக்காரருக்கு வந்திருக்கிறது. அதனால் வெறும் டீயோடு கிளம்பி, இறங்கி, ஏறி, பென்னாகரம் மெஸ்ஸில் இலை போட்டு உட்காருவோம். பொங்கல், பூரி, தோசை, யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் இரண்டு இட்லி, கட்டிச் சட்னி.

என் மாத்திரைக்கும் ஒரு சட்டம் இருந்தது. காலையில் எழுந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக மனைவி முன்னால் வந்து நிற்பாள். போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். மண்டி நாட்களில் மாத்திரை போட்ட கையோடு சாப்பாடும் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இருட்டில் கிளம்பும்போதும் அவள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து மாத்திரையை மறக்காமல் கொடுத்தாள். இந்த இரண்டு சட்டமும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சரியாகத்தான் செய்தோம்.

அது புரட்டாசி மாதம். ஆற்றில் கூட்டம். அமாவாசைக்குத் திதி கொடுக்க வந்தவர்கள், கர்நாடகத்திலிருந்து டெம்போ டெம்போவாக வந்தவர்கள். நாங்கள் முகம் கழுவிக்கொண்டு உடனே திரும்பினோம். மீன் வறுக்கிற வாசனை வந்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. பசிதான் என்று நினைத்தேன்.

முதல் வளைவு தாண்டும்போதே கால் கனத்தது. நெற்றி வேர்த்தது, வேர்வை சில்லென்று இருந்தது. பக்கத்தில் வந்த வயர்மேன் ஏதோ கிண்டல் செய்தார். எப்போதும் நான் திருப்பி அடிப்பேன். அன்றைக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "வாய மூட்றா" என்றேன். அவர் மிரண்டுபோய்ப் பின்னால் தங்கிவிட்டார். அண்ணன் இன்றைக்கு மௌன விரதம் போல என்று யாரோ சொல்வது கேட்டது.

பாதி மலையில் ஒரு வளைவில், தள்ளுவண்டியில் கொய்யாவும் வெள்ளரிக்காயும் விற்கிற ஒரு பெண் இருப்பாள். பாட்டில்களில் ஆரஞ்சு நிறக் கலர் சோடாவும் வைத்திருப்பாள். அங்கே வந்ததும் என் கால் தானாக நின்றது. சைக்கிளிலிருந்து இறங்கினேனா, விழுந்தேனா, எனக்கே தெரியாது. தடுப்புச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கை நடுங்கியது. உதடு என்னுடையதாக இல்லை.

இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்: எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உடம்புக்கே தெரிந்தது. அந்த ஆரஞ்சு பாட்டில். கையை நீட்டினேன்.

அந்தப் பெண் பாட்டிலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "அண்ணா, அதக் கண்ணால கூடப் பாக்கக் கூடாதுங்க. உங்க வூட்டுக்காரம்மா என்ன நம்பி இருக்குது" என்றாள். என் மனைவியை அவள் பார்த்ததே கிடையாது. வெள்ளரிக்காயை வேகவேகமாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இத சாப்புடுங்க, குளிர்ச்சி."

வாத்தியார் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மூச்ச இழுத்து விடுங்கண்ணா. வெயிலுதான். ஒண்ணுமில்ல." முகத்தில் தண்ணீர் அடித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லப் பார்த்தேன். சொல்ல நினைத்தது ஒரே ஒரு சொல். நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது. வாய் திறந்தபோது வேறு என்னவோ வந்தது. இத்தனை வருடப் பழக்கம், நாக்குக்குத் தானாகத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் ஏலம் கூறத் தொடங்கினேன். பெட்டி விலையை, ஒன்றின் மேல் ஒன்றாக, ஏற்றிக்கொண்டே போனேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நான் எப்போதும் சிரிக்க வைக்கிறவன்தானே. "யோவ் மாமா, வெள்ளரிக்காய எவ்வளவுக்கு எடுக்கற?" என்று வயர்மேன் கேட்டார். நான் கோபித்துக்கொண்டது தீர்ந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு அவர்கள் சிரிப்பது கேட்டது. நிறுத்துங்கள், நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் இன்னும் ஒரு ரூபாய் ஏற்றினேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதை வேர்வை என்று நினைத்து ஜவுளிக்கடைக்காரர் துண்டால் துடைத்தார். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் என் மேல் உயிர். அத்தனை பேரும் என்னைக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே ஏறி வந்த டெம்போ ஒன்று கூட்டத்தைப் பார்த்து நின்றது. கன்னடம் பேசுகிற குடும்பம். ஒரு அம்மா இறங்கி வந்தாள், ஈரத் தலை, கையில் எவர்சில்வர் தூக்கு. என் முகத்தைப் பார்த்தாள். "பாப, ஹொட்டே காலி" என்றாள். பாவம், வயிறு காலி என்று எனக்குப் புரிந்தது. மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடம் கற்ற கன்னடம். தூக்கைத் திறந்து ஒரு ஒப்பட்டை எடுத்தாள். வெல்லமும் பருப்பும் வைத்து நெய் தடவிய போளிதான். அதைப் பாதியாகப் பிய்த்தாள்.

"வேணாங்கம்மா, வேணாம், இவருக்கு சுகரு இருக்குது" என்று வாத்தியார் கையைக் குறுக்கே நீட்டினார்.

அந்த அம்மா அந்தக் கையை, ஈ ஓட்டுவது போலத் தள்ளிவிட்டாள். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்கப்போனால் எதற்குத் தடுக்கிறார்கள் என்பது போல ஒரு பார்வை. "தின்னி, தின்னி" என்று சொல்லி என் வாயில் வைத்து அழுத்தினாள். மென்றேனா, அப்படியே கரைந்து இறங்கியதா, தெரியாது. தூக்கின் மூடியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் தணிந்தது. எதிரே இருந்த மரம் ஒரே மரமாக நின்றது. வாத்தியாரை, சார் என்று கூப்பிட்டேன். நான் ஏலத்தை நிறுத்தியதும்தான் அவர்கள் சிரிப்பும் நின்றது.

அந்த ரோட்டில் என்னை யார் என்று தெரியாத ஒரே ஆள் அந்த அம்மாதான். மீதி அரை ஒப்பட்டை யாரோ ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு டெம்போவில் ஏறிப் போய்விட்டாள். எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் வாத்தியாரும் கூட வந்தார். டாக்டர் மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "சக்கரை ஏறுறது மெதுவாக் கொல்லும். எறங்குறது அப்படி இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வாத்தியார் நாற்காலியில் கை வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்தார்.

மாத்திரையைப் பாதியாக்கினார் டாக்டர். சவாரி நாளில் முதலில் சாப்பிடு, அப்புறம் ஓட்டு, பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள், கூட வருகிறவர்களுக்கும் சொல்லிவை என்றார். மலை ஏறலாமா என்று நான் கேட்டேன். "தாராளமா ஏறுங்க, அது உங்களுக்கு நல்லதுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வாத்தியார் காதில் விழட்டும் என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

வீட்டில் நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அவள் திட்டுவதையே விட்டுவிட்டாள். சமையலறை வாசலில் நின்று பார்க்கிறாள், அவ்வளவுதான். ஒரு காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தான குடுத்தன்" என்றாள். "நீ குடுத்தது சரிதான்டி" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. ஆனால், சைக்கிளை எடுக்காதே என்று ஒருநாளும் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் எழுந்து இரண்டு தோசை சுட்டு, நான் முழுங்கி முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு காலையில் தொண்டையில் இறங்குவதில்லை. இறக்குகிறேன்.

ரோட்டிலும் செய்தி பரவிவிட்டது, தலைகீழாக. இப்போது நான் எங்கே நின்றாலும் வாயில் எதையாவது வைக்கிறார்கள். வெள்ளரிக்காய்க்காரப் பெண் என்னைப் பார்க்கவென்றே ஒரு ஞாயிறு செக்போஸ்ட் வரைக்கும் மேலே வந்து, என் கையில் கலர் பாட்டிலைத் திணித்துவிட்டு அழுதாள். விவசாயிகள் வெல்லக் கட்டி கொண்டுவருகிறார்கள். வயர்மேன் சட்டைப்பை முழுக்க மிட்டாய். நான் கொட்டாவி விட்டால் போதும், ஒன்றைப் பிரித்துவிடுவார். "மாப்ள, இப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்றால், "அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்த" என்கிறார். எண் திரும்ப மேலே போய்க்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதுதான் வந்திருக்கிறது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மலைதான் போய்விட்டது. அதற்குப் பிறகு வாத்தியார் எங்களைக் கீழே அழைத்துப்போகவே இல்லை. செக்போஸ்ட் வரைக்கும் போவோம். அங்கே சைக்கிளைத் திருப்புவார். முதல் வாரம் நேரமாகிவிட்டது என்றார். அடுத்த வாரம் மழை ஈரம், வழுக்கும் என்றார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "ஆமாங்கண்ணா, ஆமாங்கண்ணா" என்றார், திருப்பினார். அவர் வருடக் கணக்காகப் பயிற்சி எடுத்து வந்த ஒரு பெரிய சவாரி இருந்தது. ஒரே நாளில் இரண்டு மூன்று மாவட்டம் சுற்றி வருவது. அதற்கும் இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை என்று வயர்மேன் தனியாகச் சொன்னார். "உன்னால இல்ல மாமா" என்றும் சேர்த்துக்கொண்டார். என்னாலா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி செக்போஸ்ட் தடுப்பையே மறைக்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. எல்லோரும் கால் ஊன்றி நின்றோம். வாத்தியார் சைக்கிளைத் திருப்பப் போனார். நான் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நான் எறங்கல. இங்கயே ஒக்காந்திருக்கறன். நீங்கல்லாம் போயிட்டு வாங்க."

"உங்கள வுட்டுட்டுங்களா?"

"ஒக்காந்திருக்கறதுக்கு எனக்குத் தொணை எதுக்குங்க? கட இருக்குது, ஆளு இருக்குது. பேசிக்கிட்டு இருப்பன். நீங்க போகலன்னா இனிமே ஞாயித்துக்கெழம நான் வரல. சத்தியமா வரல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களை. வயர்மேன் மிட்டாய் முழுவதையும் எடுத்து என் கையில் கொட்டினார். "அசையாத மாமா" என்றார்.

போனார்கள். இறக்கத்தில் சைக்கிளை மிதிக்க வேண்டாம். சும்மா விட்டால் பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அத்தனை சைக்கிளின் சத்தமும் சேர்ந்து பனிக்குள் இறங்கியது. வளைவு திரும்பியது. மெலிந்தது. நின்றது. எனக்கு நெஞ்சு லேசானது. அவர்கள் இந்நேரம் புளியமரங்களைத் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் வெள்ளரிக்காய் வளைவு, என்று கூடவே மனதில் இறங்கினேன். நான் ஏறாவிட்டால் என்ன, அவர்கள் ஏறி வரும்போது முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு வரைக்கும் போய்த் திரும்ப நேரமாகும். பெட்டிக்கடைக்காரரிடம் பனியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

அவர் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஏறி வருகிற சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. பனிக்குள்ளிருந்து முதலில் வாத்தியார் சட்டை தெரிந்தது, அப்புறம் வயர்மேன், அப்புறம் ஒவ்வொருவராக. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. முதல் வளைவுக்கு மேல் போயிருக்க முடியாது.

வாத்தியார் என் பக்கத்தில் வந்து கால் ஊன்றினார். என்னைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார்.

"கீழ வெயிலு சாஸ்திங்கண்ணா" என்றார்.

எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் ஆவி புகைபோல வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். வயர்மேன்கூடத்தான்.

"ஆமாங்க சார்" என்றேன். "வெயிலுதான்."